ஒருதரம், இரண்டுதரம்...

பொங்கல் நன்றித் திருப்பலி முடிந்ததும் எங்கள் பங்கில் காணிக்கைப் பொருள்களை ஏலம் விடுவது வழக்கம். வாசக அன்பர்களில் பலர் தத்தம் ஊர்களில் இதைக் கண்டிருப்பீர்கள். பீடத்தின்முன் வைத்து மந்திரிக்கப்பெற்ற வாழைத்தார், பூசணி, கரும்புக்கட்டு, கால் கட்டிய சேவல் ஆகிய அனைத்தும் கோவில் வாசலுக்கு வந்து சேரும். உபதேசியார் ஒரு முக்காலிமேல் ஏறி நிற்பார். சேவலை 100 ரூபாயில் தொடங்கி, "பத்துப் பத்தாக ஏற்றிக் கேளுங்கள்" என்பார். 300-ஐத் தாண்டியதும், "இனி ஐம்பது ஐம்பதாக" என்று குரலை உயர்த்துவார். ஒருவர் கேட்டதற்குமேல் அடுத்தவர் குறைந்தது எவ்வளவு ஏற்றிக் கேட்க வேண்டும் என்னும் இந்தக் கணக்கைத்தான் நான் இக்கட்டுரையில் 'படி' என்று சொல்லப் போகிறேன். ஏணியின் படி போன்றது அது. படி சிறியதா, பெரியதா என்பதில் எத்தனை காரியம் அடங்கியிருக்கிறது என்பதை என் 50 வயதுக்குப் பிறகுதான் அறிந்துகொண்டேன்.

கடையில் 500 ரூபாய் பெறும் சேவல் எங்கள் ஏலத்தில் 2,000 ரூபாய்க்குப் போனாலும் எடுத்தவரை ஏமாளி என்று எவரும் எள்ளுவதில்லை. மிகுதிப் பணம் கோவிலுக்குப் போகிறது என்பதை அவரும் அறிவார், ஊரும் அறியும். எனினும் பக்தி எங்கே முடிகிறது, வீம்பு எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாத ஓர் இடம் ஒவ்வோர் ஏலத்திலும் வரும். மைத்துனர்கள் இருவர் ஒரு பூசணிக்காக முறைத்துக்கொண்டு நிற்பார்கள். அவர்களில் ஒருவர் வாடகை ஆட்டோ ஓட்டுகிறவர். அந்த மாத வாடகை அவர் சட்டைப் பையில் இருக்கும். அவர் மனைவியின் முகத்தை நான் பார்ப்பேன். பிறகு உபதேசியாரைப் பார்ப்பேன். அவர் புரிந்துகொண்டு, "ஒருதரம் இரண்டுதரம் மூன்றுதரம்" என்று ஒரே மூச்சில் முடித்துவிடுவார். முகம் பார்த்து ஏலத்தை முடிக்கத் தெரிந்தவன் என்று என்னைப்பற்றி எனக்கே சற்றுப் பெருமை இருந்தது. அதை ஏன் இங்கே குறிப்பிடுகிறேன் என்பது பின்னால் விளங்கும்.

எங்கள் பங்கில் ஒரு பெரியவர் இருக்கிறார். ஆவடி டாங்கித் தொழிற்சாலையில் 36 ஆண்டுகள் பணியாற்றி 2017-இல் ஓய்வு பெற்றவர். கொரட்டூரில் வீடு. தபால்தலை சேகரிப்பவர். அவர் தந்தை அம்பத்தூரில் தையல் தொழில் செய்தவர். 1964 டிசம்பரில் பம்பாயில் 38-ஆவது அகில உலக நற்கருணை மாநாடு நடந்தபோது, பங்கு மக்கள் சிலருடன் மூன்றாம் வகுப்பில் ரயிலேறிப் போனார். திருத்தந்தை ஆறாம் சின்னப்பர் டிசம்பர் 2-ஆம் நாள் பம்பாயில் வந்திறங்கினார். இந்திய மண்ணை மிதித்த முதல் திருத்தந்தை அவரே. அதே நாளில் நம் அஞ்சல்துறை புனித தோமையாரின் 15 பைசாத் தபால்தலையை வெளியிட்டது. இத்தாலி நாட்டில் ஓர்த்தோனா பேராலயத்திலுள்ள தோமையார் உருவத்தைப் பார்த்து வரைந்த படம் அதில் இருக்கும். தையற்காரர் அதை ஓர் உறையில் ஒட்டி, முதல்நாள் முத்திரை இடுவித்து, வீட்டு முகவரிக்கு அனுப்பினார். உறைக்குள் கடிதம் எதுவும் இல்லை. முகவரியில் தம் மகனின் பெயரை எழுதியிருந்தார். மகனுக்கு அப்போது வயது 7. தன் பெயருக்கு வந்த முதல் தபால் என்று அந்த மகன், இப்போது பெரியவர், என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் கொரட்டூர் வீட்டில் இடுப்பளவு தண்ணீர். சேகரிப்பு ஏடுகள் கீழ்த்தட்டில் இருந்தன. மூன்று நாள் கழித்துக் கதவைத் திறந்தபோது அவை களிமண் கட்டிகளாக இருந்தன.

அவருடைய துயரம் எனக்கு மற்றவர்களைவிடச் சற்று அதிகமாகவே விளங்கியது. பூந்தமல்லித் திருஇருதயக் குருமடத்தில் நான் பயின்ற நாள்களில், பேராசிரியர்களுக்கு அயல்நாடுகளிலிருந்து வரும் கடித உறைகளைக் கேட்டு வாங்குவோம். தலையைச் சுற்றிக் கத்தரித்து, தண்ணீரில் ஊறவைத்து, பிரித்தெடுத்து, செய்தித்தாளில் உலர்த்தி, நூறு நூறாகக் கட்டி வேதபோதக நாடுகளின் உதவிக்கென்று அனுப்பிவைப்போம். முத்திரையோடும் முகவரியோடும் கூடிய முழு உறைக்கே மதிப்பு அதிகம் என்பதும், நாங்கள் ஒழுங்காகக் கத்தரித்துப் பாழாக்கிக்கொண்டிருந்தோம் என்பதும் பல ஆண்டுகளுக்குப் பின் பெரியவர் சொல்லித்தான் தெரியும். நல்லெண்ணத்தோடு நான் செய்த கேடுகளின் பட்டியலில் அது முதலாவது. இரண்டாவதைத்தான் இப்போது சொல்ல வருகிறேன்.

2024 ஆகஸ்டு மாதம் ஒரு ஞாயிறன்று, திருப்பலிக்குப்பின் பெரியவர் தம் கைப்பேசியைக் காட்டினார். அரும்பொருள் விற்கும் ஓர் இணைய ஏலத்தில், 1964-ஆம் ஆண்டுத் தோமையார் முதல்நாள் உறை ஒன்று வந்திருந்தது. தொடக்க விலை 200 ரூபாய். அடுத்த சனிக்கிழமை இரவு 10 மணிக்கு ஏலம் முடியும்.

"அறுநூறு வரைக்கும் போவேன் சாமி. அதுக்கு மேல போனா வீட்டுல சோறு கிடைக்காது" என்று சிரித்தார்.

செப்டம்பர் முதல் வாரத்தில் அவருக்குத் திருமணமாகி 40 ஆண்டுகள் நிறைவெய்த இருந்தன. அந்த உறையை நானே வாங்கி, அன்றைய திருப்பலியின் முடிவில் அவர் கையில் கொடுத்தால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்யும் எங்கள் இளைஞர் ஒருவரைக் கூப்பிட்டேன்.

"எவ்வளவு வரைக்கும் கேக்கலாம் ஃபாதர்?"

"மூவாயிரம் போடு, தம்பி" என்றேன். எனக்கு வேறு செலவில்லை. அன்பளிப்புக்குக் கணக்குப் பார்ப்பானேன் என்ற எண்ணம்.

"மூவாயிரமும் போகாது ஃபாதர். நீங்க சொல்ற தொகையை அது உள்ளேயே வெச்சுக்கும். அடுத்தவங்க கேட்டா மட்டும் ஒவ்வொரு படியா உங்களுக்காக ஏத்திக் கேக்கும்" என்று அவர் விளக்கினார்.

இதை வாசகர்களுக்கும் சற்று விளக்கிவிடுகிறேன். அந்த ஏலத்தில் 500 ரூபாய் வரை 20 ரூபாய் ஒரு படி, 500-க்குமேல் 1,000 வரை 25, அதற்குமேல் 50. வேறொருவர் ஏற்கெனவே 400 வரை தருவதாக உள்ளே எழுதிவைத்திருந்தார். அவருக்குப் போட்டி இல்லாததால் வெளியே தெரிந்த விலை 200 தான். எங்கள் 3,000 உள்ளே போனதும் இயந்திரம் இரண்டையும் ஒப்பிட்டது. அவர் 400-இல் நின்றுவிடுவார். ஆகவே அதற்குமேல் ஒரு படி, 420 ரூபாய், எங்கள் பெயரில் விலையாயிற்று. எஞ்சிய 2,580 எவர் கண்ணுக்கும் தெரியாமல் உள்ளே காவல் இருந்தது. ஆக, எடுப்பவர் தாம் எழுதிவைத்த உச்சத் தொகையைக் கொடுப்பதில்லை. தமக்கு அடுத்தபடியாக ஆசைப்பட்டவரின் தொகையோடு ஒரு படி சேர்த்துக் கொடுக்கிறார். வென்றவர் விலையை நிர்ணயிப்பதில்லை, தோற்றவரே நிர்ணயிக்கிறார் என்பது இதன் சாரம்.

இணையம் வந்தபின் தோன்றிய தந்திரம் இது என்று நான் எண்ணியிருந்தேன், அப்படியன்று. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து நார்தாம்ப்டன் ஊரில், 1893-ஆம் ஆண்டிலேயே, தபால்தலை வணிகர்கள் அஞ்சல் வழியாக ஏலம் நடத்தியிருக்கிறார்கள். உங்கள் முழு மதிப்பையும் எழுதி அனுப்புங்கள், இரண்டாவது பெரிய தொகைக்குமேல் 1 செண்டு முதல் 10 செண்டு வரை சேர்த்தே உங்களிடம் வாங்குவோம் என்பது அவர்கள் வைத்த நிபந்தனை. இந்த முறையின் உட்பொருளை 1961-இல் கணித நெறிப்படி ஆராய்ந்து எழுதிய வில்லியம் விக்ரி என்பவர் 1996-இல் பொருளியலுக்கான நோபெல் பரிசு பெற்றார். பரிசு அறிவிக்கப்பட்ட மூன்றாம் நாள் இறந்துபோனார். தபால்தலைக்காரர்களின் வழக்கம் நோபெல் பரிசு வரை சென்றது பெரியவருக்கு மிகவும் பிடித்த செய்தி.

இயந்திரம் நமக்காகக் கேட்பதை இளைஞர்கள் 'ப்ராக்ஸி' என்கிறார்கள். பதிலாள் என்று பொருள். பதிலாள் என்றதும் எனக்குக் குருமடத்துச் சட்ட வகுப்பு நினைவுக்கு வந்தது. திருச்சபைச் சட்டப்படி பதிலாள் மூலம் திருமணமே செய்துகொள்ளலாம். ஆனால், இன்ன ஆளைத்தான் மணக்க வேண்டும் என்று குறிப்பிட்ட ஆணை எழுத்தில் இருந்தாக வேண்டும். 'யாரானாலும் சரி' என்று ஒரு பதிலாளை எவரும் அனுப்ப முடியாது. ஏலத்துப் பதிலாளுக்கோ அப்படி ஒரு கட்டுப்பாடு இல்லை. எதிரே நிற்பது யார் என்று அது கேட்பதே இல்லை. இந்த வேறுபாடு அன்று எனக்குத் தோன்றவில்லை. மாலைச் செபம் சொல்லப் போய்விட்டேன்.

சனிக்கிழமை இரவு ஒன்பதரை மணி. நான் ஞாயிறு மறையுரைக்குக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். அதே நேரத்தில் கொரட்டூரில் பெரியவர் கைப்பேசியும் கையுமாய் உட்கார்ந்திருந்தார். உச்சத் தொகையை எழுதிவைத்துவிட்டு உறங்கப் போகலாம் என்பது அவருக்குத் தெரியாது. கோவில் ஏலத்தில் பழகியவர். குரல் கொடுத்துக் கேட்பதுபோல் ஒவ்வொரு படியாகவே கேட்பார். 420 என்று காட்டிய இடத்தில் 440 கேட்டார். கேட்டு விரலை எடுக்குமுன் விலை 460 ஆகிவிட்டது. 480 கேட்டார், 500 ஆயிற்று. 525 கேட்டார், 550. இவர் ஒரு படி ஏற, இயந்திரம் ஒரு படி ஏறியது. ஒவ்வொரு முறையும் இரண்டு படி.

575 கேட்டபோது விலை 600 ஆயிற்று. அவர் நிறுத்தியிருக்க வேண்டிய இடம் அது. ஆனால் அடுத்த படி வெறும் 25 ரூபாய். இரண்டு தேநீர்க் காசு. "இருபத்தஞ்சுதானே சாமி, இவ்வளவு தூரம் வந்தாச்சே" என்று பின்னர் என்னிடம் சொன்னார். 600-இல் நிற்க முடியாதவர் 700-இலும் நிற்கவில்லை, 1,000-இலும் நிற்கவில்லை. அங்கிருந்து படி 50 ஆனது. ஐம்பதும் ஒரு தனித் தொகையாகப் பார்த்தால் பெரிதாகத் தெரிவதில்லை. எங்கோ ஒரு செல்வந்தர் கண் கொட்டாமல் உட்கார்ந்து, தமக்கு ஒரு நொடிகூட அவகாசம் தராமல் விலையை ஏற்றுகிறார் என்று அவர் நினைத்தார். கோபம் வந்ததாம். அப்பாவின் உறையை இன்னொருவன் பணத்திமிரில் கொண்டுபோவதா என்ற கோபம். அது அவருடைய அப்பாவின் உறை அன்று. அதே நாளில் முத்திரையிடப்பட்ட வேறு யாருடைய உறையோதான். ஆனால் 2,000 ரூபாயைத் தாண்டிய நேரத்தில் அது அப்பாவின் உறையாகவே ஆகிவிட்டது என்றார்.

2,950 கேட்டார், விலை 3,000 ஆயிற்று. 3,050 கேட்டார். எதிரிலிருந்து பதில் வரவில்லை. உள்ளேயிருந்த காவல் தொகை அங்கே தீர்ந்துவிட்டது. இரண்டு நிமிடத்தில் மணி பத்தடித்தது.

மறுநாள் காலைத் திருப்பலிக்குமுன் இளைஞர் வந்து, "ஒரே ஒரு படியில போயிடுச்சு ஃபாதர்" என்றார். என் முகம் சுருங்கியது. யாரோ பணம் படைத்தவர், ஒரு பழைய உறைக்கு இப்படி விலை கேட்பதா என்று மனத்திற்குள் கடிந்துகொண்டேன். காணிக்கை மன்றாட்டின்போதுகூட அந்த எரிச்சல் முழுதும் தணியவில்லை என்பதை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

திருப்பலி முடிந்ததும் பெரியவர் வந்தார். கண்கள் சிவந்திருந்தன, ஆனாலும் முகத்தில் ஒரு வெற்றிக்களை. "கிடைச்சிடுச்சு சாமி. மூவாயிரத்து அம்பது. எவனோ ஒரு பணக்காரன், விடவே மாட்டேன்னான். நானும் விடலை" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அவ கண்ணாடி மாத்தறதுக்கு வெச்சிருந்த காசு. இன்னும் சொல்லலை" என்றார்.

தொகையைக் கேட்ட மறுகணமே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சுற்றிலும் ஆள்கள் நின்றார்கள். ஞானஸ்நானத்திற்கு ஒரு குடும்பம் காத்திருந்தது. இவற்றைச் சாக்காக வைத்துக்கொண்டு நான் வாய் திறக்கவில்லை. "நல்லது ஐயா" என்று மட்டும் சொன்னேன்.

திங்களன்று இளைஞர் அந்த ஏலத்தின் கேட்பு வரலாற்றைத் திறந்து காட்டினார். பெயர்கள் முழுதாகத் தெரிவதில்லை. முதலெழுத்தும் கடையெழுத்தும், நடுவே நட்சத்திரக் குறிகளும். பெரியவருடைய கேட்புகளை எண்ணினேன்: 33. அவற்றுள் 32-க்கு நேர்கீழே, அதே நொடியில், என் பதில். நான் மறையுரை எழுதிக்கொண்டிருந்த அரை மணி நேரம் முழுவதும் என் பெயரால் ஏதோ ஒன்று அவரை மேலே மேலே துரத்திக்கொண்டிருந்திருக்கிறது. நான் குறுக்கே வராதிருந்தால், 400-இல் நின்ற அந்த மற்றொருவரை அவர் 420 ரூபாயில் முடித்திருப்பார். மிகுதி 2,630 ரூபாயும் என் அன்பளிப்பு எண்ணத்தால் அவர்மேல் ஏறியது. எங்கள் கோவில் வாசலில் நான் நின்றிருந்தால் 600-லேயே அவர் முகத்தைப் பார்த்து உபதேசியாருக்குச் சைகை காட்டியிருப்பேன்.

சிறிய படி இரக்கமுள்ளது என்றுதான் நான் நினைத்திருந்தேன். பெரிய ஏல மாளிகைகளில் படி பெரும்பாலும் நூற்றுக்குப் பத்தளவில் இருக்கும் என்று படித்தேன். 1,000-இலிருந்து 1,100, 1,200 என்று அங்கே ஏறும். ஒவ்வொரு முறை கையுயர்த்தும்போதும் வலிக்கும்; வலிப்பதால் பலர் முன்கூட்டியே கையை இறக்கிவிடுவார்கள். இணைய ஏலங்களிலோ படி மிகச் சிறியது. 1995-இல் பியர் ஒமிடியார் தொடங்கிய ஏலத்தளம்தான் பிற்பாடு இபே என்று உலகெங்கும் பெயர் பெற்றது. அதில் முதன்முதலாக விற்றது பழுதுபட்ட ஒரு லேசர் கருவி என்றும், விலை 14 டாலர் 83 செண்டு என்றும் சொல்வார்கள். அந்தத் தளத்தின் ஏணியைப் பாருங்கள். 25 டாலருக்குமேல் 100 வரை படி 1 டாலர். 100-க்குமேல் 250 வரை இரண்டரை டாலர். 500-க்குமேல் 1,000 வரை 10 டாலர். 5,000-க்குமேல் 100 டாலர். கணக்கிட்டால், விலையில் பெரும்பாலும் நூற்றுக்கு ஒன்றிலிருந்து நான்குக்குள் அடங்கும். ஏறுகிறவருக்கு மூச்சு வாங்குவதில்லை. ஆகவே எவ்வளவு உயரம் வந்தோம் என்பதும் தெரிவதில்லை. விற்பவருக்கும் இதில் நன்மை உண்டு. படி பெரிதானால், இன்னும் கொஞ்சம் தர மனமுள்ள கடைசி ஆள் அதைத் தாண்ட மாட்டாமல் நின்றுவிடுவார். அந்தக் கொஞ்சம் விற்பவருக்குக் கிட்டாமல் போகும்.

இன்னொன்று. ஏணியில் ஒருவர் மட்டும் ஏற முடியாது. 2020 ஆகஸ்டில் இங்கிலாந்து நாட்டுப் பிரிஸ்டல் அருகே ஓர் ஏல நிலையத்தின் தபால் பெட்டியில், சாதாரண உறைக்குள் வைத்து யாரோ போட்டுவிட்டுப்போன காந்தியடிகளின் மூக்குக்கண்ணாடி ஏலத்திற்கு வந்தது. 10,000 முதல் 15,000 பவுண்டு வரை போகலாம் என்று மதித்திருந்தார்கள். போனது 2,60,000 பவுண்டுக்கு. அந்த உயரத்திற்கு அதை ஏற்றியவர் எடுத்துச்சென்றவர் மட்டுமல்லர். அவருக்கு ஒரு படி கீழே நின்று, பெயர் தெரியாமலே போன இன்னொருவரும்தான். நம் குடும்பங்களில் ஏலச்சீட்டு நடத்தும் தாய்மார்களுக்கு இது புதிய செய்தியாயிராது. அங்கே ஏணி கீழ்நோக்கிப் போகிறது. எவ்வளவு தள்ளிக் கேட்கிறோமோ அவ்வளவு குறைவாகக் கையில் வரும். மருத்துவச் செலவுக்கு எடுக்க வருகிறவர் ஒருவராயிருக்கும் மாதத்தில் தள்ளு சொற்பம். அப்படி இருவர் வந்துவிட்ட மாதத்தில் அவர்களே ஒருவரையொருவர் பள்ளத்தில் இறக்குவார்கள். மற்றவர்கள் பங்கு பிரித்துக்கொள்வார்கள்.

ஈடு செய்யக் கடமைப்பட்டவனா நான்? ஒழுக்க இறையியல் கற்றவனுக்கு இக்கேள்வி தானாகவே எழும். குருமடத்தில் படித்த நூல்களின்படி, பிறருக்கு நேர்ந்த நட்டத்திற்கு ஈடு செய்யும் கடமை உண்டாக வேண்டுமானால், செயல் நீதிக்கு மாறானதாயிருக்க வேண்டும். நட்டத்திற்கு அதுவே மெய்யான காரணமாயிருக்க வேண்டும். செய்தவனிடம் அறிந்து செய்த குற்றமும் இருக்க வேண்டும். என்னிடம் இரண்டாவது மட்டுமே இருந்தது. நூலின்படி நான் விடுதலை. இரண்டு நாள் அந்த விடுதலையோடு இருந்து பார்த்தேன், இருப்புக் கொள்ளவில்லை. செவ்வாய் மாலை 2,630 ரூபாயை ஓர் உறையில் வைத்துக்கொண்டு கொரட்டூருக்குப் போனேன்.

பெரியவர் முதலில் நான் சொல்வதைப் புரிந்துகொள்ளவில்லை. கைப்பேசியை வாங்கி, கேட்பு வரலாற்றைத் திறந்து, நட்சத்திரங்களுக்கு நடுவே இருந்த எழுத்துகளைக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். "இது நீங்களா சாமி?" என்றார். பிறகு, "சனிக்கிழமை ராத்திரி நான் உங்களை என்னென்ன பேசியிருக்கேன் தெரியுமா?" என்று கேட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார். "நானும் உங்களைப் பேசினேன் ஐயா, அதுவும் பூசையில்" என்றேன்.

உள்ளேயிருந்து அம்மையார் வந்தார். கண்ணாடிக் காசு போன செய்தி அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. நான் கொண்டுவந்த உறையைப் பெரியவர் கையால் தொட மறுத்தார். "எனக்கு வாங்கித் தரணும்னு கேட்டீங்க. அதுக்கு உங்ககிட்டயே காசு வாங்குவேனா?" என்றார். இருவரும் வழக்காடிக்கொண்டிருந்தோம். அம்மையார் சிறிது நேரம் பொறுத்துப் பார்த்தார்.

"நீங்க ரெண்டு பேரும் ஒரு தரம் பேசியிருந்தா நானூறு ரூபாயில முடிஞ்சிருக்கும்" என்று சொல்லிவிட்டு, உறையை என் கையிலிருந்து வாங்கி எண்ணினார். "கண்ணாடி ரெண்டாயிரத்து இருநூறு. இந்தாங்க சாமி, மீதி" என்று 430 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார். நானும் பெரியவரும் அதற்குமேல் பேசவில்லை.

அடுத்த வாரம் அந்த உறை விரைவு அஞ்சலில் வந்து சேர்ந்தது. மங்களூரில் யாரோ ஒருவருடைய முகவரி தட்டச்சில் இருந்தது. தோமையார் தலையின்மேல் பம்பாய் முத்திரை. 2-12-1964 என்ற தேதி தெளிவாகப் பதிந்திருந்தது. திருமண நாள் திருப்பலியில் நான் அவர் கையில் கொடுக்க ஒன்றும் இல்லாததால், அந்த உறையையே அவரிடமிருந்து வாங்கி மந்திரித்துத் திருப்பிக் கொடுத்தேன். அம்மையார் புதுக் கண்ணாடி அணிந்து முன்வரிசையில் இருந்தார். சுவரில் வெள்ளம் நின்ற கோட்டுக்கு மூன்றடி மேலே ஒரு தட்டு அடித்து, இப்போது ஏடுகளை அங்கே வைத்திருக்கிறார் பெரியவர்.

உச்சத் தொகையை எழுதிவைத்துவிட்டு உறங்கும் முறையையும் கற்றுக்கொண்டுவிட்டார். தாளில் எழுதி அம்மையாரிடம் கையெழுத்து வாங்கிய பிறகே உள்ளே இடுகிறார் என்று கேள்வி. சென்ற மாதம் தொலைபேசியில் அழைத்தார். 1973-இல் வெளிவந்த தோமையார் உறை, பரங்கிமலைச் சிலுவை போட்ட 20 பைசாத் தலையோடு, ஏலத்திற்கு வந்திருக்கிறதாம். விவரமெல்லாம் சொன்னார்.

"ஞாயித்துக்கிழமை முடியுது. நீங்க கேக்கலையே சாமி?"

இல்லை என்றேன்.

"அந்தத் தம்பி?"

அவரையும் விசாரித்துச் சொல்வதாக ஒப்புக்கொண்டேன்.